இருபது காசு இரண்டு

ஜாலான் பசாரில் ஒரு சிப்பின் விலை
கோப்பி ஓ-வை விடக் குறைவு.
சியூ கெங் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுகிறார்.
"போன வாரம் வாங்கிய ஆறு?"
எரித்துவிட்டேன் என்பதற்கு
மலாயில் எனக்கு நாசூக்கான சொல் தெரியாது.
"ஹபிஸ்", தீர்ந்துபோச்சு, என்றேன்.
சிரித்துக்கொண்டே ஏழாகப் போட்டார்.

பகலில் நான் லோகேஸ்வரி, வரைகலைப் பிரிவு.
எழுபது விழுக்காடு தள்ளுபடிக்கு
மின்னும் மஞ்சள், மின்னும் சிவப்பு.
இரவு பத்துக்குமேல் செந்தூலில், பதினோராம் மாடியில்,
உலாவியில் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ஒலி கேட்டால் ஒரு சதுரம் வரை.
அதற்கு நான் எழுதிய ஒரே கட்டளை இதுதான்.
நிறம் மட்டும் ஆறெழுத்தில் மாறும்.
நாலு மணி மழைக்கு முந்தைய வானத்தின் ஆறெழுத்தைப் பிடிக்க
மூன்று நாள் ஆனது.
பிடித்துப் பார்த்தால்
தரை துடைத்த துணியின் நிறம்.
விட்டுவிட்டேன்.

பிஸ்கட் டின்னுக்குள் சிப், கப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி.
மூடியில் ஈயம் வைத்து ஒட்டிய
பழைய இருபது காசு இரண்டு,
வெற்றிலைச் செல்லம் அச்சடித்த வகை.
இரண்டு விரலால் இரண்டையும் தொட்டால்
மின்சாரம் என் வழியாகப் போகும்.
வலிக்காது, போவது தெரியவும் தெரியாது.
டின் மட்டும் தெரிந்துகொண்டு உளறும்.

அந்த ஒலிக்கு வளைவே கிடையாது.
ஏறும், நிற்கும், விழும், கிடக்கும்.
சதுர அலை.
கம்பியில் சதுரம், திரையில் சதுரம்,
சொல்லப்போனால் நான் வாடகை கட்டுவதும் ஒரு சதுரத்துக்குத்தான்.

பாத்திரம் கழுவிய கையோடு ஒருநாள் தொட்டுத் தொலைத்தேன்.
டின் கத்திய கத்தலில்
பூனை எங்கோ மாட்டிக்கொண்டதென்று
எதிர்வீட்டு கக் சுரயா துடைப்பத்தோடு வந்து நின்றார்.
காட்டினேன். அவரும் தொட்டார்.
மீன் கழுவிக்கொண்டிருந்தாராம்.
என்னைவிட அரைச் சுதி மேலே போனது.
அதில் அவருக்கு இன்றுவரை ஒரு பெருமை.

கண்காட்சிக் கூடத்தில் பதினெட்டு டிகிரி.
வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, என் டின்.
வந்தவர்களின் விரல்கள் குளிரில் காய்ந்திருந்தன.

டக்.

நெடுநேரம் கழித்து

டக்.

திரையின் மூலையில் ஒரே ஒரு சதுரம்.
"கடிகாரமா?" என்றார் ஒருவர்.
"காலத்தைப் பற்றிய படைப்போ?" என்றார் அவரோடு வந்தவர்.
ஆமாம் என்றிருந்தால் விற்றிருக்கும்.
ஈரப்பதம் போதவில்லை என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கறிபாப் தட்டின் பக்கம் போனார்கள்.

ஒன்பது மணிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
கார் நிறுத்துமிடத்துத் தகரக்கூரை மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.
வண்டியின் பின்மூடியில் மடிக்கணினியையும் டின்னையும் வைத்தேன்,
அங்கேயாவது பேசுமா பார்க்கலாமென்று.
கேட்டைத் திறந்துவிட்டு நனைந்து வந்த காவலாளி கும்பராஜ்
"இது எதற்கு?" என்றார்.
"சாஜா-சாஜா." சும்மாதான்.
அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தொட்டார்.
திரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கொட்டியது.
எடுத்தார், நின்றது. லேசாக வைத்தார், முனகியது.
அழுத்தினார், எங்கோ ஒரு காரின் அலாரம் பதில் சொன்னது.
அவர் சிரிக்கவில்லை.
பூட்டுக்குச் சாவி தேடுகிறவரைப் போல
ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

பிறகு கையை எடுத்தார், டின் நிற்கவில்லை.
அவர் சட்டைக்கையிலிருந்து ஒரு சொட்டு
இரண்டு காசுக்கும் நடுவே படுத்திருந்தது.
எங்கள் இருவரில் யாரும் தொடாமல்
தண்ணீர் தானாக ஒரு சுதியைப் பிடித்து,
கொஞ்சம் பரவி, இன்னும் மேலே போய்,

நின்றது. ஈயமும் பிளாஸ்டிக்கும் கருகிய வாடை.

"ஹபிஸ்?" என்றார் கும்பராஜ்.

டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.
சொட்டு மூடியின் ஓட்டை வழியே உள்ளே இறங்கியிருந்தது.
பையில் இன்னும் மூன்று சிப் இருக்கிறது.
திரையில் கடைசிச் சதுரம் அப்படியே நின்றது, நல்ல நிறம்,
அதன் ஆறெழுத்தைக் குறித்துக்கொள்ளுமுன்
மடிக்கணினியும் நனைய ஆரம்பித்துவிட்டது.